பாவுக்கும் ஓர் உருண்டை

யூதோங் வாயைத் திறந்தபடி நின்றாள். மூட மறந்தே போயிற்று.

"இன்னொரு தடவ சொல்லிப் பாரு," என்றாள் ஷாவ் அக்கா, ஏணியில் இருந்தபடியே. ஷாவ் அக்கா மின்வேலை செய்பவள். காலையிலிருந்து வீடு முழுக்கப் பழைய சுவிட்சுகளைக் கழற்றிப் புதியவற்றை மாட்டிக்கொண்டிருந்தாள்.

யூதோங் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "பாவ், எல்லா விளக்கையும் போடு."

"இதோ போடுகிறேன்," என்றது மேசைமேல் இருந்த வெள்ளைக் கருவி. செய்தி வாசிப்பவர்போல அவ்வளவு திருத்தமான பேச்சு. ஆவியில் வெந்த பன்னைப் போல உருண்டையாக இருந்ததால் யூதோங்தான் அதற்குப் 'பாவ்' என்று பேர் வைத்திருந்தாள். பாவ் என்றால் பன்.

தைவானில் லூகாங் ஊரின் பழைய வீடுகள் அகலத்தில் கஞ்சம், நீளத்தில் தாராளம். முன்தெருவில் நுழைந்தால் பின்தெருவில் வெளியே வரலாம். முன்கூடத்து விளக்குதான் முதலில் எரிந்தது. அப்புறம் முற்றம், அப்புறம் நடுக்கூடம், அடுப்படி, கடைசியாக எங்கோ தூரத்தில் பின்கட்டு. கண்ணுக்குத் தெரியாத யாரோ ஒருவர் சுவிட்சைத் தட்டிக்கொண்டே வீட்டுக்குள் நடந்து போவதுபோல இருந்தது. யூதோங் பிறந்ததிலிருந்தே இந்த வீட்டில்தான் இருக்கிறாள். வீட்டுக்குக் காது உண்டு என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. அவளுக்குக் கை சிலிர்த்துவிட்டது.

இத்தனை ஏற்பாடும் அத்தைக்காக. யாலிங் அத்தை, வீட்டில் எல்லோருக்கும் ஆலிங், பெண்கள் பள்ளியில் சாஃப்ட்பால் பயிற்சி கொடுத்தவள். அவள் இங்கே கத்தினால் மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்பவள் ஓட ஆரம்பிப்பாள். போன வருஷம் ஸ்கூட்டர் விபத்தில் கழுத்தில் அடிபட்டு, கையும் காலும் அசையாமல் போயிற்று. குரலை மட்டும் அந்த விபத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்போது தைச்சுங் நகரத்தில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில் இருக்கிறாள்.

குளிர்காலப் பண்டிகைக்கு அவளை வீட்டுக்கே கூட்டிவந்துவிட வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. காலையில் உதவிக்கு ஓர் அம்மாள் வருவாள். சாயங்காலம் யூதோங் பள்ளியிலிருந்து வந்துவிடுவாள். நடுவே மதியம் மட்டும் அத்தை தனியாக இருக்க வேண்டும். அப்பா கப்பலில் வேலை. அம்மாவுக்குச் சைக்கிள் தொழிற்சாலை. பெரியப்பாவுக்குக் கோயில் சந்தையில் நூடுல்ஸ் கடை.

அத்தை ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "விளக்கப் போடு, திரைய விலக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் யாரையாவது கூப்பிட்டுக்கிட்டே கெடக்கணும்னா நான் வரல. என் வீட்டுல நானே விளக்குப் போடணும்."

அதனால்தான் பாவ் வந்தது.

பெரியப்பாவுக்குப் பாவைப் பிடிக்கவில்லை. தங்கைக்காகச் சரி என்று சொல்லிவிட்டாரே தவிர, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அதை ஓரக்கண்ணால் பார்த்தார். பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் பேசும் சீனம் மட்டும்தான் தெரியும். பெரியப்பாவோ சந்தையிலும் வீட்டிலும் தைவான் பேச்சுதான் பேசுவார். ஒரு தரம், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, "ஏய், சாப்பிட்டியா?" என்று கேட்டுப் பார்த்தார்.

"மன்னிக்கவும், நீங்கள் கூறியது எனக்கு விளங்கவில்லை," என்றது பாவ்.

"ரொம்பப் படிச்சது போல," என்று முணுமுணுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை யூதோங்கும் அம்மாவும் பெரியப்பாவும் அத்தையைப் பார்க்கத் தைச்சுங் புறப்பட்டார்கள். முந்தின நாளே யூதோங் கைபேசியில் ஒரு வேலை செய்துவைத்திருந்தாள். 'நாங்க வெளியே போறோம்' என்று சொன்னால் பாவ் எதையெல்லாம் அணைக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் குறிக்கச் சொன்னது கைபேசி. ஒவ்வொன்றாக யார் குறிப்பது? அவள் 'எல்லாம்' என்பதைத் தட்டிவிட்டாள்.

வாசலில் நின்று கம்பீரமாகச் சொன்னாள். "பாவ், நாங்க எல்லாரும் வெளியே போறோம். வீட்டுல யாரும் இல்ல."

"சென்று வாருங்கள்," என்றது பாவ். வீடு பின்கட்டிலிருந்து முன்கூடம்வரை அமைதியாக இருண்டது. அம்மாகூட ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள்.

அன்றைக்கு அத்தை விடாமல் பேசிக்கொண்டிருந்தாள். பாவிடம் என்னென்ன கேட்கலாம் என்று துருவித் துருவி விசாரித்தாள். அண்ணன் தலையில் முடி முளைக்க வைக்க அதால் முடியுமா என்று கேட்டபோது பெரியப்பாவே சிரித்துவிட்டார்.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. கடற்காற்று தெருவில் விசிலடித்துக்கொண்டிருந்தது. பெரியப்பா கதவைத் திறந்தார். திறந்தவர் உள்ளே போகாமல் படியிலேயே நின்றுவிட்டார்.

யூதோங் அவர் கைக்குக் கீழே எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒரே இருட்டு. இருட்டாக இருப்பது புதிதல்ல. எத்தனையோ தடவை இருட்டியபின் வந்திருக்கிறார்கள். ஆனால் அப்போதெல்லாம் வீட்டின் நடுவில், தூரத்தில், இரண்டு சிவப்புப் புள்ளிகள் தெரியும். நடுக்கூடத்து மாடத்தில் முன்னோர்களின் பெயர்ப்பலகைக்கு இரண்டு பக்கமும் எரிகிற விளக்குகள். பகலும் இரவும் எரிபவை அவை. அணைப்பதே கிடையாது.

இன்றைக்கு அந்தப் புள்ளிகள் இல்லை.

'எல்லாம்' என்று தட்டினாளே, அந்த எல்லாவற்றிலும் அவையும் சேர்ந்துவிட்டன.

பெரியப்பா சுவரைத் தடவிக்கொண்டே இருட்டுக்குள் நடந்தார். சுவிட்சைக் கையால் தட்டினார். சிவப்பு விளக்குகள் எரிந்தன. ஊதுபத்தி ஏற்றி, தலை குனிந்து வெகுநேரம் நின்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று யூதோங்குக்குத் தோன்றியது.

"புயல் அடிச்சு ஊரே இருட்டாக் கெடந்தப்பகூட மெழுகுவத்தி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்," என்றார் கடைசியில். "அப்ப அணையல. இன்னிக்கு ஒரு பன்னு அணைச்சிருச்சு."

"தப்பு என்னோடது பெரியப்பா. நான்தான்…"

"விடு. நீ சின்னப் பொண்ணு. ஆனா என் தங்கச்சிய இதுகிட்ட ஒப்படைச்சுட்டு நான் கடைக்குப் போகணுமா? இன்னிக்கு விளக்கு. நாளைக்கு அவள என்ன பண்ணும்?" அவர் பாவின் வயரைப் பிடுங்கினார். "திங்கக்கிழமை அந்த ஷாவ் பொண்ண வரச் சொல்லு. எல்லாத்தையும் கழட்டிக்கிட்டுப் போகட்டும்."

அம்மா எவ்வளவோ எடுத்துச் சொல்லிப் பார்த்தாள். பெரியப்பா அசையவில்லை. அம்மா அத்தைக்குத் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னாள். கைபேசியை யூதோங் வாங்கினாள்.

"அதனால என்ன இப்போ," என்றாள் அத்தை. "இங்கயே நல்லாத்தான் இருக்கு. சாயங்காலம் டிவியில மேட்ச் போடுறாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். உடனே போனை வைக்கச் சொல்லிவிட்டாள். அத்தை இவ்வளவு குறைவாகப் பேசி யூதோங் கேட்டதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பா கடையை உதவியாளிடம் விட்டுவிட்டு வந்து, மாடத்தின் முன்னால் மண்டியிட்டார். கையில் இரண்டு சிவப்பு மரக்கட்டைகள். பிறை வடிவம், ஒரு பக்கம் தட்டை, மறு பக்கம் வளைவு. முன்னோர்களிடம் எதையாவது கேட்டுவிட்டு அவற்றைத் தரையில் போட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று வளைவாகவும் விழுந்தால் அவர்களுக்குச் சம்மதம். இரண்டும் வளைவு மேலே தெரிய விழுந்தால் கூடாது. இரண்டும் தட்டை மேலே தெரிய விழுந்தால் அவர்கள் சிரிக்கிறார்கள்.

கட்டைகள் டக்கென்று விழுந்தன. இரண்டும் தட்டை. மறுபடி போட்டார். மறுபடியும் தட்டை. மூன்றாவது தடவையும் அப்படியே.

"பாத்தியா? நம்மளப் பாத்துச் சிரிக்கிறாங்க," என்றார் பெரியப்பா. முகம் வாடிப்போயிற்று.

"நீங்க என்ன கேட்டீங்க?"

"என்ன கேப்பேன்? இந்த மிஷின் நல்லதா கெட்டதான்னு கேட்டேன்."

அவர் கடைக்குப் போய்விட்டார். யூதோங் முற்றத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்தாள். மேலே வானம் ஒரு துண்டு தெரிந்தது. பாவைப் பார்த்ததே இல்லாதவர்களிடம் போய்ப் பாவ் நல்லதா கெட்டதா என்று கேட்டால் அவர்கள் சிரிக்காமல் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

பாதி ஆரஞ்சில் கை நின்றுவிட்டது.

சில வருஷங்களுக்கு முன்பு பெரியப்பா புது ஸ்கூட்டர் வாங்கியபோது அதை நேரே நடுக்கூடத்துக்குள் தள்ளிக்கொண்டு வந்தார். ஊதுபத்தி ஏற்றி, "இது நம்ம புது வண்டி, நீலக் கலர், பாத்துக்குங்க," என்று மாடத்தில் சொல்லிவிட்டுத்தான் சாவியைத் திருப்பினார். அம்மா கல்யாணமாகி வந்தபோது சொல்லியிருக்கிறார்கள். யூதோங் பிறந்தபோது சொல்லியிருக்கிறார்கள். அந்த வீட்டுக்குள் புதிதாக வந்த எதையும் சொல்லாமல் விட்டதில்லை. பாவைப் பற்றித்தான் ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவள் கைகழுவிவிட்டு எழுந்தாள். நல்ல ஆரஞ்சுகளாகப் பார்த்துத் தட்டில் அடுக்கி மாடத்தில் வைத்தாள். பாவைத் தூக்கிவந்து பக்கத்தில் உட்காரவைத்தாள். ஊதுபத்திப் புகை நேராக மேலே போய், உத்தரத்தின் அருகில் வளைந்தது. பெயர்ப்பலகையில் எழுத்துகள் சிவப்பு வெளிச்சத்தில் அசைவதுபோல இருந்தன. எத்தனை பேர் அங்கே. எல்லோரும் இந்த வீட்டில் நடந்தவர்கள். இதே வாசற்படியில் கால் இடித்துக்கொண்டவர்கள். அவர்கள் எல்லோரும் இப்போது அவளைப் பார்க்கிறார்கள் என்று நினைத்ததும் யூதோங்குக்குக் கூச்சமாக இருந்தது.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. முன்னோர்களுக்குப் பள்ளிக்கூடச் சீனம் தெரியாது. வீட்டுப் பேச்சில்தான் சொல்ல வேண்டும். யூதோங்குக்கு அது அரைகுறை.

"வணக்கம்," என்று ஆரம்பித்தாள். "நான் யூதோங். கப்பல்ல இருக்காரே, அவரோட பொண்ணு. இது பாவ். இது பன் இல்ல, பாக்கத்தான் அப்படி இருக்கும். சாப்பிட முடியாது."

கொஞ்சம் யோசித்தாள். குரலைக் கேட்டு வேலை செய்யும் கருவிக்கு வீட்டுப் பேச்சில் என்ன வார்த்தை என்று தெரியவில்லை. அப்படி ஒரு வார்த்தை இருக்கிறதா என்பதே சந்தேகம்.

"இதுக்குக் கை கெடையாது, ஆனா சொன்னா விளக்குப் போடும். திரைய விலக்கும். கொள்ளுத்தாத்தா, உங்க காலத்துல இங்க மின்சாரமே இல்லன்னு பெரியப்பா சொல்லியிருக்காரு. அதனால உங்களுக்கு நம்ப முடியாது. எனக்கே மொதல்ல முடியல. நான் வாயத் தொறந்துக்கிட்டு நின்னேன்.

"நேத்து விளக்க அணைச்சது பாவ் இல்ல, நான். வீட்டுல யாரும் இல்லன்னு சொல்லிட்டேன். அது பொய்யாப் போச்சு. நீங்க வீட்டுலதான் இருந்தீங்க. நீங்க எங்கயும் போறதே இல்லயே. பாவ் புதுசு, அதுக்கு அது தெரியல. நான் பழசு, நானும் மறந்துட்டேன். மன்னிச்சுக்குங்க."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அப்புறம்தான் கேட்க வந்ததைக் கேட்டாள்.

"ஆலிங் அத்தை உங்களுக்குத் தெரியும். இங்கதான் பொறந்தா. அவளுக்கு இப்ப கை வராது, குரல் மட்டுந்தான் இருக்கு. அதாலதான் விளக்குப் போடணும். மத்தியானம் தனியா இருப்பாளேன்னு பெரியப்பா பயப்படுறாரு. ஆனா தனியா எப்படி இருப்பா? நீங்கதான் இருக்கீங்களே." கட்டைகளைக் கையில் எடுத்துக்கொண்டாள். "அத்தை வீட்டுக்கு வரலாமா?"

கட்டைகளைப் போடக் கையைத் தூக்கினாள். கை இறங்கவில்லை. பின்னாலிருந்து ஒரு பெரிய கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. வெங்காயத்தாள் வாசனை அடித்தது.

பெரியப்பா எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியாது. அவர் கண் சிவந்திருந்தது.

"இதக் கேக்கக் கூடாது பாப்பா," என்றார். "அவ வீடு. அவ வர்றதுக்கு யார்கிட்ட உத்தரவு வாங்கணும்?"

அவர் பக்கத்தில் மண்டியிட்டார். கட்டைகளை வாங்கி இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். முழங்கால் வலிக்கும் அவருக்கு, ஆனாலும் அவசரப்படவில்லை.

"பெரியவங்களே, உங்க விளக்கு ரெண்டும் பாவோட கைக்கு எட்டாம தனியா இருக்கும். அத நான் பாத்துக்குறேன். பாவ் இந்த வீட்டுல இருந்து ஆலிங்குக்குக் கூடமாட உதவட்டுமா?"

போட்டார். ஒரு கட்டை விழுந்ததும் கிடந்துவிட்டது, தட்டை மேலே. இன்னொன்று நிற்க மனமில்லாமல் சுற்றியது. சுற்றிக்கொண்டே மாடத்தின் காலடிவரை போயிற்று. கட்டை ஒருமுறை தள்ளாடி, முதுகைக் காட்டிப் படுத்தது.

ஒன்று தட்டை. ஒன்று வளைவு.

"இன்னும் ரெண்டு தடவ போட வேணாமா?" என்றாள் யூதோங் மெதுவாக.

"போதும். அவங்களுக்கும் வேற வேல இருக்கும்," என்றார் பெரியப்பா.

திங்கட்கிழமை ஷாவ் அக்கா எல்லாவற்றையும் கழற்ற மூட்டையோடு வந்தாள். கழற்ற வேண்டாம், இரண்டே இரண்டு விளக்குக்கு மட்டும் தனி வயர் இழுக்க வேண்டும் என்றதும் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. யூதோங் விளக்கிச் சொன்னாள். ஷாவ் அக்கா மாடத்தைப் பார்த்தாள். தன் வீட்டிலும் அப்படி இரண்டு விளக்குகள் உண்டு என்றும், இது தனக்கே தோன்றியிருக்க வேண்டும் என்றும் சொன்னாள். பிறகு அந்த வயரை வேறு யாரும் தொடாதபடி அழகாகக் குழாய்க்குள் விட்டு மூடினாள்.

குளிர்காலப் பண்டிகை அன்று சாயங்காலம் அத்தை வந்தாள். வாசற்படியில் பெரியப்பா பலகை போட்டுச் சரிவு கட்டியிருந்தார். சக்கர நாற்காலியை அம்மா தள்ள, காற்று எல்லோரையும் சேர்த்துத் தள்ளியது. முன்கூடத்தில் அத்தை நிறுத்தச் சொன்னாள்.

உள்ளே இருட்டு. தூரத்தில், நடுவில், இரண்டு சிவப்புப் புள்ளிகள்.

"இப்ப நான் சொல்லலாமா?" என்று கேட்டாள் அத்தை. மைதானத்தையே அதட்டியவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"சொல்லுங்க அத்தை."

"பாவ், நான் வந்துட்டேன்."

"வருக, யாலிங்," என்றது பாவ். முன்கூடம் எரிந்தது. அப்புறம் முற்றம். வெளிச்சம் நடந்து நடந்து நடுக்கூடத்தைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, பின்கட்டுவரை போயிற்று. அத்தை பிறந்த வீடு முழுவதும், அவள் ஒரு சொல் சொன்னதற்காக, அவள் முன்னால் திறந்துகொண்டே போயிற்று. அத்தையின் கன்னத்தில் வழிந்ததை யூதோங் துடைத்துவிட்டாள். யூதோங்குக்கு இது எத்தனையாவது தடவையோ. ஆனாலும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"வாய மூடு, ஈ பூந்துரும்," என்றாள் அத்தை.

பண்டிகைக்கு அம்மா சிவப்பும் வெள்ளையுமாக அரிசிமாவு உருண்டைகள் வேகவைத்திருந்தாள். முதலில் மாடத்துக்கு ஒரு கிண்ணம். அப்புறம் எல்லோருக்கும். அத்தைக்கு யூதோங் ஊட்டிவிட்டாள். அத்தை, சூடு ஆறவில்லை என்று யூதோங்கைத் திட்டிக்கொண்டே இன்னும் இன்னும் என்று கேட்டுச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் பெரியப்பா மீதி உருண்டைகளோடு எழுந்தார். வருஷா வருஷம் செய்வதுதான். வருஷம் முழுக்க வீட்டுக்காக உழைத்தவற்றுக்கெல்லாம் ஆளுக்கோர் உருண்டை ஒட்டுவார். கதவு நிலையில் ஒன்று. சன்னலில் ஒன்று. அடுப்பில், அலமாரியில், குளிர்சாதனப் பெட்டியில், நீல ஸ்கூட்டரின் முன்விளக்கில். இந்த வருஷம் சக்கர நாற்காலியின் கைப்பிடியிலும் ஒன்று ஒட்டினார்.

கிண்ணத்தில் ஒரே ஒரு வெள்ளை உருண்டை மிச்சமிருந்தது. அதை வைத்துக்கொண்டு பெரியப்பா மேசைப் பக்கம் வந்து நின்றார். பாவைப் பார்த்தார். ஓரக்கண்ணால் அல்ல, நேராகவே.

பிறகு குனிந்து, உருண்டையை அதன் உச்சந்தலையில் வைத்து, விழாதபடி கட்டைவிரலால் அழுத்தினார்.

"சாப்பிடு," என்றார், வீட்டுப் பேச்சில்.

"மன்னிக்கவும், நீங்கள் கூறியது எனக்கு விளங்கவில்லை," என்றது பாவ்.

"போகப் போகக் கத்துக்குவ," என்றார் பெரியப்பா.